புது வடிகால் கட்டியாச்சு, தண்ணி மட்டும் அப்படியே நிக்குது. சென்னைக்காரங்க கொஞ்சம் வாங்க

#1 கடைசிவீடு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது சென்னைக்கு தெற்கால புறநகர், ஏரியா பேரும் எந்த ஆபீஸ்ங்கறதும் வேண்டாம், எங்க கவுன்சிலர் ஆளுங்க இங்கயும் இருப்பாங்க. தெருவுல மழைநீர் வடிகால் கட்டறேன்னு மாசக்கணக்கா பள்ளம் தோண்டி போட்டு, வண்டிய வெளிய எடுக்க முடியாம, எதிர் வீட்டு தாத்தா நீட்டிக்கிட்டிருந்த கம்பில காலைக் கிழிச்சுக்கிட்டு ஊசி போட்டுக்கிட்டு, சரி இதோட தொல்லை தீர்ந்துச்சுன்னு எல்லாரும் பொறுத்துக்கிட்டோம். இப்ப ஒரு மணிநேரம் அடிச்சு பெஞ்சா போதும், முன்னாடி எங்க நின்னுச்சோ அதே இடம், அதே முட்டளவு. புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு, முன்னாடி வெறும் மழைத்தண்ணி, இப்ப அந்த வடிகால் மூடி ஓட்டை வழியா கருப்பா கொப்பளிச்சு மேல வருது, நாத்தம் குடலைப் புடுங்குது.

தெருவுலயே எங்க வீடுதான் கடைசி, பள்ளத்துல இருக்கு. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டு மேலயே போட்டு போட்டு இப்ப கேட்லேர்ந்து ரெண்டு படி இறங்கித்தான் உள்ள வரணும். வீட்டுக்காரர் ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கிடலாம்ங்கறார், கொட்டேஷன் கேட்டு தலை சுத்திப் போச்சு. என் கேள்வி இதுதான், ஆள் உள்ள இறங்கி நடக்கற அளவுக்கு கான்கிரீட் கால்வாய் கட்டினதுக்கு அப்புறமும் தண்ணி ஏன் போகல? யார்கிட்ட போய் என்னன்னு கேக்கறது? யாரைக் கேட்டாலும் அது எங்க வேலை இல்லம்மாங்கறாங்க.

#2 ரசமட்டம்

நான் வேற ஊர் நகராட்சில இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன். உங்களுக்கு முதல் வேலை, மழை இல்லாத ஒரு நாள் காலைல நடங்க. தெருமுனை வரைக்கும் இல்ல, அந்த வடிகால் போய் சேர்ற ஓடையோ ஏரியோ கால்வாயோ, அது வரைக்கும். முக்கால்வாசி பேர் வீட்டு வாசல்ல இருக்கற வடிகாலைத்தான் பாப்பாங்க, அது எங்க போய் வாயைத் திறக்குதுன்னு பாக்கவே மாட்டாங்க. பல இடத்துல அது எங்கயுமே திறக்காது.

ஏன் அப்படி ஆகுதுன்னு சொல்றேன். முறைப்படி பாத்தா வடிகாலை தண்ணி விழற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சு மேல நோக்கி கட்டிக்கிட்டே வரணும். ஆனா டெண்டர் பேக்கேஜ் பேக்கேஜா பிரியுது, ஒரு தெரு ஒருத்தருக்கு, குறுக்கால போற மெயின் ரோடு இன்னொரு டிபார்ட்மென்ட், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற பேக்கேஜ். நடுவுல ஈபி கேபிள், குடிதண்ணி பைப், மரம், கோர்ட் ஸ்டே, பெரிய கடைக்காரர் யாராவது வந்துட்டா அந்த அஞ்சு மீட்டரை விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. பில்லு மீட்டர் கணக்குலதான் போடறது, அதனால மீட்டர் வளரும். இணைக்கற துண்டுல நீளம் கம்மி தலைவலி ஜாஸ்தி, அதுக்கு யாரும் அவசரப்பட மாட்டாங்க. மிஸ்ஸிங் லிங்க்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அது இதுதான்.

ரெண்டாவது சரிவு. சென்னை கடல் மட்டத்துக்கு சராசரியா ஆறேழு மீட்டர்தான் மேல இருக்கு, தட்டு மாதிரி ஊர். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் குடுக்கறதுக்கே திண்டாட்டம். அந்த நிலைமைல நடுவுல ஒரு இடத்துல அடித்தளம் ஒரு சாண் ஏறிப்போச்சுன்னா தண்ணி முன்னால போகாது, உங்க வீட்டுக்குத்தான் வரும். அந்தக் கருப்புத் தண்ணி கதை தனி, அதுக்கு அப்புறம் வரேன்.

#3 டேங்கர்லாரி

எங்க தெருவுல ரெண்டு முனையும் செங்கல் வெச்சு அடைச்சிருக்கு. வடிகால் இல்ல சார் அது, நீச்சல் குளம். கொசுவுக்கு மட்டும்.

#4 புளியந்தோப்புதம்பி

ஒசரம் பள்ளம்னு பேசறீங்கோ, வடசென்னைல வந்து பாருங்க. ஓட்டேரி நல்லாங்கற கால்வாய் அண்ணாநகர் பக்கம் கெளம்பி அயனாவரம் ஓட்டேரி வழியா எங்க ஏரியாவைத் தொட்டுக்கினு பேசின் பிரிட்ஜ்கிட்ட பக்கிங்காம் கால்வாய்ல விழுது, அந்தாண்ட கேப்டன் காட்டன் கால்வாய் வியாசர்பாடி சைடுலேர்ந்து வந்து அதே பக்கிங்காம்லதான் விழுது. எல்லாத் தண்ணியும் ஒரே கால்வாய்ல. அதுவும் கடலுக்கு நேரா போவாது, வடக்கால எண்ணூர் வரைக்கும் போயி அங்க வெளிய போவணும். கடல் ஏத்தத்துல இருந்துச்சுன்னா உள்ளயே நிக்கும். நம்ம வீட்டு பக்கத்து வடிகாலை தங்கத்துல கட்டினாலும் கால்வாய் ரொம்பிக்கினா அது ரிவர்ஸ்ல வரும், மூடி தூக்கிக்கினு வரும், நானே பாத்துருக்கேன்.

இன்னோண்ணு, மழை வந்தா கணேசபுரம் சப்வே மூடிருவாங்கோ. எங்களுக்கு ஆஸ்பத்திரி, ஸ்கூலு, வேலை எல்லாம் அந்தாண்ட. வடிகால் பத்தி டீவில பேசறப்ப தி.நகர் மட்டுந்தான் காட்றாங்கோ.

#5 கணக்குகேளு

வடிகாலுக்குன்னு சொன்ன 4000 கோடி என்னாச்சு? ஒரே கேள்வி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப படகு விட்டாங்களே, அந்தக் காசுக்கு ஊருக்கே படகு வாங்கி குடுத்திருக்கலாம்.

#6 நெறியாளர்

கட்சிச் சண்டை வேண்டாம், ஏற்கனவே ரெண்டு பதிவு நீக்கியாச்சு. பணம் எங்க போச்சுன்னு தாராளமா கேளுங்க, கட்சிக்காரங்க பேரை வெச்சு அடிச்சுக்காதீங்க.

#7 வரைபடம்

@கணக்குகேளு, கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா மொத்தமா ஒரே பையில போட்டு கேட்டா பதிலும் மொத்தமாதான் வரும். சென்னைய நாலு வடிநிலமா, அதாவது மழைத்தண்ணி ஒரே வழியா வடியற பகுதியா பிரிச்சிருக்காங்க: அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம். அடையாறு கூவம் பக்கம் விரிவாக்கப் பகுதில கட்டினது உலக வங்கிக் கடன்ல. வடக்கால திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கொசஸ்தலையாறு திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கி. தெற்கால கோவளம் வடிநிலம் ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கி. தி.நகர் மாதிரி பழைய சென்னைல கட்டினது சிங்காரச் சென்னை 2.0 மாதிரி வேற தலைப்புல வந்த பணம். ஒவ்வொண்ணும் வேற வேற வருஷம் ஆரம்பிச்சது, வேற வேற கட்டத்துல இருக்கு. அதனால முடிஞ்ச இடத்துல வித்தியாசம் தெரியும், முடியாத இடத்துல பழைய நிலைமையவிட மோசமா தெரியும், ஏன்னா பாதி தோண்டின பள்ளம்.

தி.நகரையே எடுத்துக்கோங்க. 2021 நவம்பர்ல கோபதி நாராயணசாமி ரோடு, பசுல்லா ரோடு எல்லாம் நாள்கணக்குல தண்ணி, மாம்பலம் கால்வாய்ல வேலை நடந்தப்ப கட்டட இடிபாடு உள்ள கிடந்ததும் ஒரு காரணம்னு அப்பவே பேசினாங்க. அதுக்கப்புறம்தான் வெள்ளத்தைக் குறைக்க வழி சொல்ல திருப்புகழ் ஐஏஎஸ் தலைமைல கமிட்டி போட்டாங்க, 2023ல அறிக்கை குடுத்தாங்க. 2022 மழைல சீத்தம்மாள் காலனி மாதிரி இடங்கள்ல தண்ணி சீக்கிரம் வடிஞ்சுது, அதை மறுக்க முடியாது. ஆனா 2022ல வந்தது ஓரளவு சாதாரண மழை, 2023ல வந்தது மிக்ஜாம் புயலோட பெருமழை. ரெண்டையும் ஒண்ணா வெச்சு ஜெயிச்சோம் தோத்தோம்னு சொல்றதுல அர்த்தம் இல்ல.

#8 கணக்குகேளு

சரி தம்பி, வடிகாலை சாதாரண மழைக்குத்தான் கட்டறாங்கன்னா புயலுக்கு யார் கட்டுவா?

#9 ரசமட்டம்

> புயலுக்கு யார் கட்டுவா?

தெரு வடிகாலை மட்டும் வெச்சு புயலை யாரும் சமாளிக்க முடியாது. ஒரு கிரவுண்டுல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணின்னு நினைக்கறீங்க? 2400 சதுர அடி, கணக்கு போட்டுப் பாருங்க, 22,000 லிட்டர் தாண்டும். ஒரு ஏக்கருக்கு நாலு லட்சம் லிட்டர். உங்க வீட்டு சம்ப் பெரும்பாலும் பத்தாயிரம் பன்னெண்டாயிரம் பிடிக்கும். 50 ஏக்கர் காலனிலேர்ந்து ரெண்டு கோடி லிட்டர் ஒரே நாள்ல கிளம்பும், அது எல்லாம் மூணடி அகல வடிகால்ல உடனே போகணும்னு எதிர்பாத்தா நடக்காது. வடிகால் வேலை என்னன்னா சாதாரண மழைல ரோட்டுல தேங்காம பாத்துக்கறது, பெரிய மழைல தண்ணி மூணு நாள் நிக்காம அன்னிக்கே வடிய வைக்கறது. அதுக்கு மேல வர்றதுக்கு ஏரி வேணும், சதுப்பு நிலம் வேணும், முகத்துவாரம் திறந்திருக்கணும். நம்ம ஊர்ல வடிகாலுக்கு ஒதுக்கற கவனத்துல கால்வாசி ஏரிக்கு ஒதுக்கினா பரவாயில்ல.

கடைசிவீடு, நடந்து பாத்தீங்களா?

#10 மேம்பாலம்பார்க்கிங்

வேளச்சேரி வாசி வந்துட்டேன், பேரைப் பாத்தாலே தெரியும். 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்ன ராத்திரி எங்க மேம்பாலத்துல ரெண்டு ஓரமும் வரிசையா கார் நின்னுச்சே, நாடு முழுக்க மீம் போட்டீங்களே, அதுல என் வண்டியும் ஒண்ணு. சிரிச்சுக்கோங்க. 2023ல இஞ்சினுக்குள்ள தண்ணி போயி நான் கட்டின பில்லைப் பாத்தா சிரிக்க மாட்டீங்க.

எங்க பக்கம் பிரச்சினை என்னன்னா தண்ணி எங்கேர்ந்தெல்லாமோ வருது, போக ஒரே வழி. ஆதம்பாக்கம் சைடு தண்ணி வீராங்கல் ஓடை வழியா, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரி நிரம்பினா அந்தத் தண்ணி, மடிப்பாக்கம், வேளச்சேரி ஏரி, எல்லாமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துலதான் போய் சேரும். முப்பது ஏரிக்கு மேல அதுல வடியுதுன்னு சொல்றாங்க. அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா ஓஎம்ஆரைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய், அப்புறம் தெற்கால போயி முட்டுக்காட்டுல கடல். இவ்வளவு பெரிய வடிநிலத்துக்கு வாசல் அந்த மடுவு ஒண்ணுதான். சதுப்பு நிலத்துல ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, சுத்தி ரோடு, ஆபீஸு, ஃபிளாட்டு. 2022ல ராம்சர் தளம்னு, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட 1,248 ஹெக்டேர். நல்ல விஷயம், ஆனா மிச்சம் இருக்கறதுக்குத்தான் அந்த போர்டு.

இதுல நிர்வாகம் பாருங்க: தெரு வடிகால் மாநகராட்சி, ஏரியும் மடுவும் நீர்வளத்துறை, சதுப்பு நிலம் வனத்துறை, மேல போற ரோடு நெடுஞ்சாலைத்துறை, சாக்கடை மெட்ரோவாட்டர். ஒரே தண்ணி அஞ்சு ஆபீஸ் தாண்டணும்.

#11 முடிச்சூர்ஆத்தங்கரை

அந்தப் பக்கம் பேசறப்ப எங்களையும் சேத்துக்கோங்க. மழைன்னாலே டீவிக்காரங்க செம்பரம்பாக்கம் எத்தனை அடின்னு ஆரம்பிச்சுடுவாங்க. 2015ல 29,000 கனஅடி திறந்து விட்டது ஊர் முழுக்க மனசுல பதிஞ்சு போச்சு, அது நியாயம்தான். ஆனா முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் மூழ்கறதுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சம்பந்தம் கெடயாது. அடையாறு ஆதனூர் பக்கம் பொறந்து எங்க வழியா வருது, செம்பரம்பாக்கம் உபரி திருநீர்மலைகிட்டதான் வந்து சேருது, அது எங்களுக்குக் கீழ. எங்க வீட்டுக்குள்ள வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் சுத்துவட்டார ஏரிங்க நிரம்பி வர்ற தண்ணி. அந்தக் காலத்துல வயலா இருந்தப்ப ஒரு நாள் நின்னு வடிஞ்சுது, இப்ப அந்த வயல்லதான் நம்ம எல்லாருமே வீடு கட்டியிருக்கோம், என்னையும் சேர்த்துத்தான்.

2015க்கு அப்புறம் மூடு கால்வாய் கட்டினாங்க, ஆத்தை அகலப்படுத்தினாங்க, கொஞ்சம் தேவலைதான். ஆனா எங்க ஊர் வேற ஒரு உள்ளாட்சி, ஆத்துக்கு மேல இருக்கறது வேற ஒண்ணு, கீழ தாம்பரம் மாநகராட்சி, அதுக்கும் கீழ சென்னை மாநகராட்சி. தாம்பரத்தையே 2021லதான் அஞ்சு நகராட்சி அஞ்சு பேரூராட்சி சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. ஆத்துக்கு எல்லை தெரியாது, ஆபீஸுக்குத் தெரியும்.

#12 நண்டுவளை

ஈசிஆர் பக்கத்துலேர்ந்து ஒரு மாறுபட்ட குரல். எங்களுக்கு வடிகாலே வேண்டாம்னு கேஸ் போட்ட ஊர் நாங்க. சிரிக்காதீங்க. கடலுக்கும் பக்கிங்காமுக்கும் நடுவுல மணல்மேடு, எவ்வளவு பெஞ்சாலும் கொஞ்ச நேரத்துல உறிஞ்சுக்கும், அந்த நல்ல தண்ணிதான் எங்க கிணத்துல. அதுல கான்கிரீட் பெட்டி இறக்கி மழைத்தண்ணிய கால்வாய்ல கொண்டு போய் விட்டா நிலத்தடி தண்ணி குறையும், உப்பு ஏறும். 2020ல தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. ஊர் முழுக்க ஒரே டிசைன் வரையறதுதான் கோளாறு. களிமண் நிலத்துக்கு வடிகால் சரி, மணலுக்கு எதுக்கு?

#13 டேங்கர்லாரி

அண்ணே உங்க மணல்ல நாலு லோடு எங்க தெருவுக்கு அனுப்புங்க.

#14 நைட்ஷிப்ட்

கருப்புத் தண்ணி பத்தி யாரும் பேசலயே. நான் ஒரு கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்ல ராத்திரி வேலை பாக்கறேன், எந்த ஊர்னு கேக்காதீங்க. ரெண்டு குழாய் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு மழைத்தண்ணி, அது சுத்தம் பண்ணாம நேரா ஆத்துக்குப் போகும். இன்னொண்ணு பாதாள சாக்கடை, அது பம்பிங் ஸ்டேஷன் வந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும். ரெண்டும் எங்கயும் தொடக்கூடாது. ஆனா நடக்கறது என்னன்னா ரெண்டு பக்கமும் கல்யாணம்.

பாதாள சாக்கடை இன்னும் வராத தெருவுல செப்டிக் டேங்க் ரொம்பினா லாரிக்கு காசு குடுக்கணும், பக்கத்துலயே புதுசா வடிகால் வந்தாச்சு, ராத்திரியோட ராத்திரியா ஒரு பிவிசி பைப்பை சொருகிட வேண்டியதுதான். உங்க தெருவுல மூடிய தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, சுவர்ல நாலு இன்ச் பைப் தலை நீட்டிக்கிட்டிருக்கும். மழை இல்லாத நாள்லயும் வடிகால்ல தண்ணி ஓடுச்சுன்னா அது மழைத்தண்ணி இல்லன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. அது தேங்கி, வண்டல் பிடிச்சு, கெட்டியாகி கிடக்கும், மழை வந்ததும் உங்க கேட்டுக்கு வந்து நிக்கும். கூவம் ஏன் அப்படி இருக்குங்கறதுக்கும் இதேதான் பதில்.

இன்னொரு பக்கமும் இருக்கு. தெருவுல தண்ணி நின்னா உடனே நாலு பசங்க கம்பி வெச்சு சாக்கடை மேன்ஹோல் மூடியைத் திறந்து விடுவாங்க, தண்ணி சர்ர்ர்னு இறங்கும், எல்லாரும் கைதட்டுவாங்க. மொட்டைமாடி பைப்பையும் சாக்கடைலதான் விட்டிருப்பாங்க. அந்தத் தண்ணி எல்லாம் எங்ககிட்ட வரும். நாங்க எல்லா மோட்டாரும் ஓட்டினாலும் கிணறு இறங்காது, அப்ப லைன் முழுக்க ரொம்பி பள்ளத்துல இருக்கற வீட்டு பாத்ரூம்ல மேல வரும். ஒருத்தர் தெரு காயணும்னா இன்னொருத்தர் வீட்டுல மலத்தண்ணி. போதாக்குறைக்கு திறந்த மூடி தண்ணிக்கடியில தெரியாது, உள்ள விழுந்து செத்தவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு திறக்காதீங்க.

#15 கடைசிவீடு

நைட்ஷிப்ட் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே டார்ச் அடிச்சுப் பாத்தோம். பைப் இருக்கு. ஒண்ணு இல்ல. யாரோடதுன்னும் தெரியும், அதுல ஒருத்தர் எங்க நலச்சங்கத்துல பெரிய ஆளு, வாட்ஸப்ல தெனமும் தூய்மை பத்தி ஃபார்வர்டு போடறவர். என்னத்த சொல்ல.

போன மழைலேர்ந்து பையனுக்கு வயித்தால போயிட்டே இருக்கு, டாக்டர் தண்ணிதான்னு சந்தேகப்படறார். சம்புக்குள்ள தெருத்தண்ணி போயிருக்குமோன்னு பயமா இருக்கு.

#16 லேப்அக்கா

கடைசிவீடு, முதல்ல பையனுக்கு ஓஆர்எஸ் விடாம குடுங்க, நிக்கலன்னா திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கை வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அப்புறம் சம்ப். தெருத்தண்ணி சம்ப் மூடி அளவுக்கு வந்திருந்தா உள்ள போயிருக்குன்னே வெச்சுக்கோங்க. முழுசா இறைச்சுக் கொட்டி, சுவரைத் தேச்சுக் கழுவி, புதுத் தண்ணி பிடிங்க. பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு ரெண்டரை கிராம் கணக்கு. பவுடரை நேரா கொட்டாதீங்க, ஒரு பக்கெட்ல கரைச்சு சுண்ணாம்பு அடில தங்க விட்டு, மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க, ஒரு மணிநேரம் கழிச்சுத்தான் புழங்கணும். பழைய பவுடர்ல வீரியம் போயிருக்கும், மூக்குல அடிக்கற வாசனை இல்லன்னா தூக்கிப் போடுங்க. குடிக்கறதுக்கு எப்படியும் கொதிக்க வெச்சுக்கோங்க.

குழாய்த் தண்ணியையும் பாக்கணும். கடைசி வீட்டுக் குழாய்ல 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிச்சம் இருக்கணும், அதுதான் அளவு. உள்ளாட்சிகள்ல குளோரோஸ்கோப்னு ஒரு சின்ன பெட்டி வெச்சிருப்பாங்க, தண்ணில ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டா மஞ்சள் நிறம் வரும், எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். நிறமே வரலன்னா வழில ஏதோ குளோரினைத் தின்னுருக்கு, சாக்கடை கலந்திருக்கலாம். குடிதண்ணி லைன் ராத்திரில அழுத்தம் இல்லாம காலியா கிடக்கும் பாருங்க, அப்ப பைப்ல விரிசல் இருந்து சுத்தி சாக்கடை நின்னா உள்ள இழுத்துக்கும். நிறைய வீட்டுல அடிபம்பை நேரா லைன்ல மாட்டி உறிஞ்சறாங்க, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். உங்க தெருவுக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தா கடைசி வீட்டுல டெஸ்ட் பண்ண சொல்லுங்க, முதல் வீட்டுல பண்ணிட்டுப் போகறதுல பிரயோஜனம் இல்ல. நீங்கதான் கடைசி வீடுங்கறது இதுக்கு வசதி.

தண்ணில வெறுங்காலோட நடக்காதீங்க, கால்ல புண் இருந்தா எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்புன்னா உடனே ஆஸ்பத்திரி.

#17 கணக்குகேளு

இந்த ஸ்பாஞ்ச் பார்க் பத்தி யாராவது சொல்லுங்க. பார்க்குல குளம் வெட்டி வெள்ளத்தைத் தடுக்கப் போறாங்களாம்.

#18 வரைபடம்

கிண்டல் பண்ணாதீங்க சார். 2024ல கிண்டி ரேஸ் கிளப் நிலம் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்ததும் அந்த வருஷமே அங்க குளம் வெட்டினாங்க. குளம் இல்லன்னா அந்தத் தண்ணி வேளச்சேரி பக்கம்தான் இறங்கியிருக்கும். ஒரு பார்க் ஊரைக் காப்பாத்தாது, ஒத்துக்கறேன். ஆனா தண்ணி வந்து சேர்ற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலே கீழ இருக்கறவங்களுக்கு உச்ச மட்டம் குறையும்.

#19 ரசமட்டம்

தம்பி சொல்றது சரி, ஆனா என் அனுபவத்துல குளம் வெட்டறது சுலபம், அதுக்குள்ள தண்ணி வர்ற வாய்க்காலைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். திறப்பு விழா ஆன அடுத்த வருஷம் வரத்து வாய்ல கரும்பு ஜூஸ் கடை இருக்கும். சிட்லபாக்கம் ஏரில ஜனங்களே விடாம நின்னு கேட்டதால 25 கோடில சீரமைச்சாங்க, அது மாதிரி ஆள் நின்னு கேக்கற இடத்துல மட்டும்தான் பராமரிப்பு நடக்குது. வடிகாலுக்கும் அதேதான். வண்டல் வடிகட்டி தொட்டினு தெரு வடிகால்ல இடைக்கு இடை சின்ன குழி இருக்கும், மண்ணும் பிளாஸ்டிக்கும் அதுல தங்கறதுக்கு. அதை மழைக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவையாவது அள்ளணும். அள்ளினதை பக்கத்துலயே குவிச்சுட்டுப் போனா அடுத்த மழைல மறுபடி உள்ள. கட்டறதுக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும், அள்ளறதுக்கு எந்த பேங்கும் கடன் குடுக்காது.

#20 கடைசிவீடு

அப்டேட். பையன் இப்ப பரவாயில்ல, லேப்அக்காவுக்கு ரொம்ப நன்றி.

ரசமட்டம் சார் சொன்ன மாதிரி ஞாயித்துக்கெழமை நடந்தோம். எங்க தெரு, அடுத்த தெரு, அப்புறம் பெரிய ரோடு, அதுக்குக் கீழ பழைய கல்வெட்டு பாலம் ஒண்ணு (கல்வெர்ட், ரோட்டுக்கடில தண்ணி போக கட்டற சின்னப் பாலம்), அந்தப் பக்கம் ஓடை. வடிகால் கல்வெட்டுல போய் சேருது, அதனால மிஸ்ஸிங் லிங்க் இல்லன்னு நெனச்சு சந்தோஷப்பட்டோம். கூட வந்த மேஸ்திரிதான் இருங்கன்னுட்டு டியூப் லெவல் எடுத்துட்டு வந்தார், அதான் ஒல்லி டியூப்ல தண்ணி ரொப்பி ரெண்டு முனையிலயும் மட்டம் பாப்பாங்களே அது. ஒரு முனையை நான் பிடிச்சுக்கிட்டேன், இன்னொரு முனையை அவர் பையன் கல்வெட்டுக்குள்ள இறங்கிப் பிடிச்சான். டேப் வெச்சு அளந்தா, கல்வெட்டோட அடி எங்க வடிகால் அடியைவிட ஒரு சாணுக்கு மேல ஒசரம். அதாவது எங்க வடிகால்ல எப்பவும் ஒரு சாண் தண்ணி நின்னாத்தான் அந்தப் பக்கம் ஒரு சொட்டு போகும். அந்த ஒரு சாண்ல இருக்கறது முழுக்க அந்த பைப்காரங்க புண்ணியம்.

அதுவும் போக, ரோட்டுத் தண்ணி வடிகாலுக்குள்ள இறங்க பக்கவாட்டுல ஓட்டை விட்டிருக்காங்க இல்ல, அதுல பாதி ஓட்டை முன்னாடி வீட்டுக்காரங்க வண்டி ஏத்தறதுக்கு சிமெண்ட் சாய்வு போட்டிருக்காங்க. ஓட்டையே தெரியல.

#21 மேம்பாலம்பார்க்கிங்

மேஸ்திரிக்கு ஒரு சல்யூட். கன்சல்டன்ட் லட்சக்கணக்குல வாங்கிட்டு பாக்க வேண்டியதை ரப்பர் டியூப்ல பாத்துட்டார்.

#22 ரசமட்டம்

அருமை. இப்ப உங்க கைல இருக்கறது புகார் இல்ல, அளவு. அதை வெச்சு பேசுங்க. மனுல தண்ணி நிக்குது நடவடிக்கை எடுங்கன்னு எழுதினா மோட்டார் அனுப்பி இறைச்சுட்டு முடிச்சாச்சுன்னு போட்டுருவாங்க. இப்படி எழுதுங்க: இன்ன தெரு வடிகாலோட இன்வர்ட் லெவலும் (அடித்தள மட்டம்) கல்வெட்டோட இன்வர்ட் லெவலும் என்ன, எல் செக்‌ஷன் டிராயிங் (நீளவாக்குல இறக்கத்தைக் காட்டற படம்) நகல் வேணும், கல்வெட்டு எந்தத் துறை பொறுப்பு, அதை இறக்கிக் கட்ட அவங்களுக்கு லெட்டர் போட்டிருக்கா, போட்டிருந்தா எந்தத் தேதி. இதையே ஆர்டிஐலயும் தனியா போடுங்க. கல்வெட்டு ரோட்டுக்காரங்களோடதா இருக்கும், அவங்க ரோடு வெட்ட அனுமதி, வெட்டின ரோட்டைத் திரும்பப் போட ரெஸ்டோரேஷன் சார்ஜ்னு இழுப்பாங்க. அதனால ரெண்டு ஆபீஸ் ஆளும் ஒரே நாள் ஸ்பாட்டுக்கு வரணும்னு கேளுங்க, தனித்தனியா வந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் கை காட்டிட்டு போயிடுவாங்க. ஏரியா சபை கூட்டம் நடந்தா அங்கயும் சொல்லி மினிட்ஸ்ல ஏத்த வைங்க. சபைல வாயால சொன்னது காத்தோட போகும்.

ரோடு அடுத்த தடவை போடறப்ப மேல்தளத்தைச் சுரண்டாம போட விடாதீங்க. 2021ல அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு ஐஏஎஸ் இதை உத்தரவாவே போட்டார், பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல போடணும்னு. கான்ட்ராக்டர்கிட்ட அதைச் சொல்லி முன்னாடி நில்லுங்க. வீட்டைத் தூக்கறதைவிட மலிவு.

#23 புளியந்தோப்புதம்பி

சார் எங்களாண்ட அளக்க ஒண்ணும் இல்ல, கால்வாயே மேல இருக்கு நாங்க கீழ இருக்கோம். எங்களுக்கு என்னா மனு?

#24 ரசமட்டம்

தம்பி, உங்களுக்கு மனு பத்தாது, மோட்டார்தான். கால்வாய் மட்டம் உங்க தெருவைவிட மேல இருக்கறப்ப தண்ணி தானா போகாது. வடிகால் கால்வாய்ல விழற இடத்துல ஒருவழிக் கதவு, உள்ள நிலையான பம்ப் ஹவுஸ், அதுக்கு ஜெனரேட்டர். வருஷா வருஷம் டிராக்டர்ல மோட்டார் கட்டி வாடகைக்கு எடுக்கறதை விட அதுதான் கணக்குக்கு சரி. கேக்கறப்ப ஜெனரேட்டரை மறக்காதீங்க, மழைல முதல்ல போறது கரண்டு.

#25 கடைசிவீடு

மனு குடுத்தாச்சு, ஆர்டிஐயும் போட்டாச்சு. செவ்வாய்க்கெழமை ரெண்டு ஆபீஸ்லேர்ந்தும் ஆள் வர்றதா சொல்லிருக்காங்க. வீட்டுக்காரரை லீவு போட சொல்லிருக்கேன், மேஸ்திரியும் டியூபோட வர்றேன்னுட்டார். அந்த பைப்காரங்க விஷயம் சங்கத்துல பேசினோம், பாதாள சாக்கடை வர்ற வரைக்கும் எல்லாரும் சேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை லாரி வரவழைச்சா தலைக்கு குறைச்சலா வரும்னு ஒத்துக்கிட்டாங்க, பெரிய ஆளு மட்டும் இன்னும் மொறைச்சுக்கிட்டு இருக்கார். வாசல்ல போட்ட சிமெண்ட் சாய்வை இடிக்க சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல.

#26 ரசமட்டம்

இடிக்கவே வேண்டாம்மா. சாய்வுல ஓட்டைக்கு நேரா மட்டும் ஒரு அடி அகலத்துக்கு வெட்டி, மேல கம்பி ஜல்லடை போட்டுக்க சொல்லுங்க. தண்ணி இறங்கும், வண்டியும் ஏறும். வெல்டிங் கடைல சொன்னா ஒரே நாள்ல செஞ்சு குடுப்பான். கம்பி இடைவெளி ரொம்ப நெருக்கமா வேண்டாம், இலை அடைச்சுக்கும்.